உங்களுக்குத் தெரியுமா? சுவர் போட்ட சட்டை

● ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் சிவப்பும் நீலமும் பச்சையுமாக நிற்கிற பழைய வீடுகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவை மர வீடுகள். மேலே போர்த்தியிருப்பது நம்மூர்க் கொட்டகைகளில் காண்கிற அதே நெளிதகரம்! மரத்துக்குப் பஞ்சமான தீவு அது. பக்கவாட்டில் அடிக்கும் மழையில் பலகை ஊறிப்போகும். அதனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்த தகரத்தைக் கூரையோடு நிறுத்தாமல் சுவருக்கும் அடித்துவிட்டார்கள்.

● தகரத்துக்கு நெளிவு எதற்கு? ஒரு தாளை நீட்டிப் பிடியுங்கள், தொய்யும். விசிறி மடிப்பு மடியுங்கள், விறைத்து நிற்கும். அவ்வளவுதான் சங்கதி. லண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பாமர் இதற்கு 1829இல் காப்புரிமை வாங்கினார். துருவைத் தடுக்க இரும்பைத் துத்தநாகத்தில் தோய்க்கும் முறை 1837இல் பிரான்சில் வந்தது. இலங்கை மலையகத்துத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் மழை இரையும் தகரக் கூரைகளும் இந்த வம்சம்தான்.

● சுவீடன் கிராமத்து மர வீடுகளின் செம்மண் நிறம், ஃபாலுன் செப்புச் சுரங்கம் கழித்துப் போட்ட மண்ணிலிருந்து வந்தது. அதைச் சுட்டுப் பொடித்து, ரை மாவுக் கஞ்சியில் ஆளிவிதை எண்ணெய் விட்டுக் காய்ச்சிப் பூசினார்கள். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் நம் வீடுகளில் கஞ்சி கலப்பது நினைவுக்கு வருகிறதா? சுரங்கம் 1992இல் மூடப்பட்டது; வண்ணம் இன்றும் தயாராகிறது.

● சிலி நாட்டின் சிலோயே தீவில் சுவருக்கு அலெர்சே மரச் செதில்களை மீன் செதில்போல அடுக்கினார்கள். ஒருகாலத்தில் அங்கே அலெர்சே பலகையே பணமாகவும் புழங்கியது. வெட்டுண்ட ஓர் அலெர்சேயில் எண்ணிய வளையங்கள் 3,600க்கு மேல்! 1976 முதல் உயிர்மரத்தை வெட்டத் தடை.

● ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக், சிமென்டோடு கல்நாரை (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்து மெல்லிய தகடு செய்து 1901இல் காப்புரிமை பெற்றார். ‘நித்தியம்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ‘எட்டர்னிட்’ என்று பெயரிட்டார். தீப்பிடிக்காது, உளுக்காது, விலையும் குறைவு. உலகமே வாங்கிச் சுவரிலும் கூரையிலும் பதித்தது. கல்நார் இழை நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரலாம். அது தெரியவே பல பத்தாண்டுகள் ஆகும். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் முழுத் தடை போட்டது. இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இன்னும் கடையில் கிடைக்கிறது. உங்கள் வீட்டில் பழைய ஷீட் இருந்தால் அறுக்காதீர்கள், துளையிடாதீர்கள், உடைத்துக் குப்பையில் போடாதீர்கள். பறக்கிற தூளில்தான் அந்த இழை இருக்கிறது.