‘எதிர்காலம்’னு பேர் வெச்ச மைதானம்: அயாக்ஸ் கிளப் நம்ம சம்பளத்துக்குச் சொல்ற 3 பாடங்கள்



ஒரு பையன் 9 வயசுல ஒரு கால்பந்து அகாடமியில சேர்றான். 19 வயசுல அவனுக்காக இன்னொரு கிளப் 75 மில்லியன் யூரோ கொடுக்குது. கதை இல்லைங்க, நிஜம். பையன் பேர் மத்தைஸ் டி லிக்ட். வளர்த்தது நெதர்லாந்தோட அயாக்ஸ் கிளப். 2019-ல வாங்கினது இத்தாலியோட யுவென்டஸ்.

அயாக்ஸோட பயிற்சி மைதானம் அவங்க பெரிய ஸ்டேடியத்துக்குப் பக்கத்துலயே இருக்கு. 1996-ல திறந்தாங்க. பேர் ‘டி டூகம்ஸ்ட்’. டச்சு மொழியில ‘எதிர்காலம்’னு அர்த்தம். ரிட்டயர்மென்ட் ஃபண்டுக்கு வைக்கிற பேர் மாதிரி இல்ல?

சரி, இதுக்கும் மாசம் 30,000 சம்பளம் வாங்குற நமக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. இந்தக் கிளப் ஜெயிச்ச விதத்துலயும் பாடம் இருக்கு, பணத்தைக் கோட்டை விட்ட விதத்துலயும் பாடம் இருக்கு.

பாடம் 1: விதை போட்ட அடுத்த நாளே தோண்டிப் பார்க்காதீங்க

அயாக்ஸ் ஒரு சின்னப் பையனைத் தேர்ந்தெடுக்கும்போது நாலு விஷயம் பார்ப்பாங்க: பந்தைக் கையாளும் திறமை, ஆட்டத்தைப் புரிஞ்சுக்கிற அறிவு, குணம், வேகம். உள்ளே வந்த பிறகும் வருஷா வருஷம் மதிப்பீடு உண்டு. தேறாதவங்க வெளியே போகணும். மேலே வர்றவங்களுக்கு ‘யோங் அயாக்ஸ்’னு ரிசர்வ் அணி. 2013-லேர்ந்து அந்த அணி நாட்டோட இரண்டாம் டிவிஷன்ல பெரியவங்களோட மோதிப் பழகுது.

கவனிங்க. எல்லாப் பையனும் ஸ்டார் ஆக மாட்டான்னு கிளப்புக்கு நல்லாவே தெரியும். அதனால ஒரே பையனை நம்பி உட்கார்றதில்லை. அதே சமயம், போன மாசம் கோல் போடலைனு யாரையும் துரத்துறதும் இல்லை. உங்க எஸ்.ஐ.பி.-யும் இப்படித்தான். பணத்தைப் பிரிச்சுப் போடுங்க, வருஷத்துக்கு ஒரு தடவை பாருங்க. தினமும் ஆப்பைத் திறந்து பார்த்து டென்ஷன் ஆக வேண்டாம்.

பாடம் 2: வளர்த்தா மட்டும் போதாது, பேப்பரைப் பாருங்க

இதுதான் முக்கியமான பகுதி.

1995 மே மாசம். வியன்னாவுல சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். ஏ.சி. மிலனை அயாக்ஸ் 1-0னு ஜெயிச்சது. 85-வது நிமிஷம் அந்த கோலை அடிச்சது, அகாடமியில வளர்ந்த 18 வயசு பேட்ரிக் க்ளைவர்ட். ஐரோப்பாவே வாயைப் பிளந்து பார்த்த அணி அது.

அதே வருஷம் டிசம்பர்ல ‘போஸ்மன் தீர்ப்பு’ வந்தது. அதுக்கு முன்னாடி, ஒப்பந்தம் முடிஞ்ச வீரருக்கும் பழைய கிளப் பணம் கேட்கலாம். ஐரோப்பிய நீதிமன்றம் அது செல்லாதுனு சொல்லிடுச்சு. ஒப்பந்தம் முடிஞ்சா, வீரர் இலவசமாப் போகலாம்.

விளைவு? 1996-ல எட்கர் டேவிட்ஸும் மைக்கேல் ரைசிகரும், 1997-ல க்ளைவர்ட்டும் மிலனுக்குப் போனாங்க. சின்ன வயசுலேர்ந்து வளர்த்த கிளப்புக்கு டிரான்ஸ்ஃபர் தொகை பூஜ்யம்!

2019-ல அயாக்ஸ் அந்த நிலைமையில இல்லை. டி லிக்ட், ஃப்ரெங்கி டி யோங் ரெண்டு பேருக்கும் ஒப்பந்தக் காலம் மீதி இருந்தது. டி யோங்குக்கு பார்சிலோனாவும் 75 மில்லியன் யூரோ கொடுத்தது. ரெண்டு பேரால மட்டும் 150 மில்லியன்.

நானும் இப்படி ஒரு தடவை கோட்டை விட்டிருக்கேன். முதல் வேலையை விட்டப்போ பி.எஃப்.-ல 60,000 ரூபாய் இருந்தது. மாத்தலாம்னு தெரியாம மொத்தமா எடுத்து பைக் முன்பணம் கட்டிட்டேன். 8% வட்டினு வெச்சாக்கூட 15 வருஷத்துல அது சுமார் 1.9 லட்சம் ஆகியிருக்கும். தொடர்ந்து 5 வருஷ சர்வீஸ் முடியறதுக்குள்ள எடுத்தா பொதுவா வரியும் உண்டு. புது கம்பெனிக் கணக்குக்கு மாத்தியிருந்தா பழைய சர்வீஸும் சேர்ந்திருக்கும். பைக் இப்போ இல்லைங்க, வித்தாச்சு.

பாடம் 3: பெரிய தொகை வந்தா, கொஞ்சம் நில்லுங்க

2022-ல ஆன்டனியைக் கொடுத்து மான்செஸ்டர் யுனைடெட் கிட்ட 95 மில்லியன் யூரோ வாங்கினாங்க. அணியைக் கட்டின பயிற்சியாளர் எரிக் டென் ஹாகும் அதே வருஷம் கிளம்பிட்டார். 2023 கோடையில 100 மில்லியன் யூரோவுக்கு மேல செலவு பண்ணி, புது ஆட்களைக் கூட்டமா வாங்கிப் போட்டாங்க. 2023 அக்டோபர் கடைசியில? 18 அணிகள்ல கடைசி இடம்! தட்டுத்தடுமாறி சீசனை ஐந்தாவது இடத்துல முடிச்சாங்க.

பத்து வருஷம் பொறுமையா வளர்க்கத் தெரிஞ்ச கிளப்புக்கே ஒரு கோடையில நிதானம் தப்பிடுச்சு. போனஸோ இன்க்ரிமென்ட்டோ வந்த வாரமே புது இ.எம்.ஐ. போடுற நாம எம்மாத்திரம்? பணம் வந்தா மூணு மாசம் தனிக் கணக்குல போட்டு வைங்க. அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க.

இந்த வார இறுதியில செய்ய வேண்டியது

- பழைய கம்பெனி பி.எஃப். இன்னும் தனியாக் கிடக்கா? யூ.ஏ.என். போர்ட்டல்ல பார்த்து மாத்துங்க.
- பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட், வங்கிக் கணக்கு மூணுலயும் நாமினி பேர் இருக்கானு பாருங்க.
- கம்பெனி கொடுக்கிற மருத்துவக் காப்பீடு பொதுவா வேலையோட முடிஞ்சிடும். சொந்தமா ஒண்ணு இருக்கா?

மூணுக்கும் சேர்த்து ஒரு கிரிக்கெட் மேட்ச் பார்க்கிற நேரம்கூட ஆகாது. இதைச் செய்யாம எஸ்.ஐ.பி. மட்டும் போட்டுட்டு இருந்தா, நாம வளர்க்கிறோம், பலன் எங்கயோ போகுது.

பி.எஃப்.-ஐ எடுத்துட்டு அப்புறம் வருத்தப்பட்டவங்க யாராவது இருக்கீங்களா? என்ன வாங்கினீங்கனு கமெண்ட்ல சொல்லுங்க. பைக்குனு சொன்னா, நமக்குள்ள ஒரு சங்கமே ஆரம்பிச்சிடலாம்!