தண்டவாளமே இல்லாத டிராம்! உங்களுக்குத் தெரியுமா?

கடலூரில் ஏறி சிதம்பரத்தில் இறங்குகிறீர்களே, அந்த பஸ்ஸின் நீளம் சுமார் 11 மீட்டர். சீனாவில் ஓடும் ‘ஏ.ஆர்.டி.’ மின்சார வண்டியின் நீளம் 31 மீட்டருக்கும் மேல்! ஒரு நடைக்கு 300 பேர்!

பார்த்தால் மூன்று பெட்டி ரயில். ஆனால் தண்டவாளம் கிடையாது! ரோட்டில் வெள்ளை பெயின்ட்டில் கோடு போட்டிருக்கிறார்கள். கேமராவும் சென்சாரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வர, வண்டி இம்மி பிசகாமல் போகிறது. ஓடுவதோ ரப்பர் டயரில்!

இவ்வளவு நீளம் முக்கு திரும்புமா? திரும்பும்! முன் சக்கரம் போன தடத்திலேயே கடைசிச் சக்கரமும் வரும்!

ரிவர்ஸ் எடுக்கும் வேலையே இல்லை. இரண்டு முனையிலும் டிரைவர் சீட்!

2017-ல் ஜூஜோ நகரில் அறிமுகம். 2019 டிசம்பரில் யிபின் நகரில் பயணிகளோடு ஓட்டம். பாதை நீளம் 17.7 கி.மீ.!

10 நிமிட சார்ஜில் 25 கி.மீ. ஓடும் என்கிறது தயாரித்த நிறுவனம். கடலூர் – சிதம்பரம் சுமார் 45 கி.மீ. புதுச்சத்திரத்தில் இறங்கி ஒரு டீ குடித்து வருவதற்குள் மறுபாதிக்கு சார்ஜ் ரெடி!

ஜெனீவாவில் இன்னும் வேகம். ஸ்டாப்பிங்கில் ஆள் ஏறி இறங்கும் நேரத்திலேயே பஸ்ஸுக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏறிவிடும். எவ்வளவு நேரம்? 15 வினாடி!

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1986-லேயே பஸ்ஸுக்குக் கான்கிரீட் தடம் திறந்தார்கள். 1989-ல் அது 12 கி.மீ. ஆனது. பஸ்ஸின் பக்கவாட்டில் குட்டிச் சக்கரங்கள். அவைதான் வழி காட்டும். டீசல் பஸ்தான், ஆனால் டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடிக்கவே வேண்டாம். ஒரு காலத்தில் வேகம் மணிக்கு 100 கி.மீ. வரை! குறுக்கே கார் நுழைந்தால்? அடிப்பாகத்தைக் கிழித்து நிறுத்த தடத்திலேயே ஒரு பொறி வைத்திருக்கிறார்கள்!

ஜப்பானின் நகோயாவில் 2001 முதல் தடம் பிடித்து ஓடும் பஸ் இருக்கிறது. மேம்பாலத் தடத்தில் ஏறிவிட்டால் சட்டப்படி அது பஸ் இல்லை, ரயில் வகை!

நம் நாட்டில்? நாசிக் நகருக்கு ‘மெட்ரோ நியோ’ என்ற ரப்பர் டயர் மின்சார வண்டித் திட்டம். 2021 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த தொகை ரூ.2,092 கோடி! இன்னும் ஓடவில்லை. சீக்கிரம் ஓடட்டும்!

கோடு தப்பாமல் ஓட்டும் வித்தை நமக்கென்ன புதுசா? ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் என வருஷத்துக்கு இரண்டு முறை சிதம்பரத்தில் தேரோட்டம். நான்கு வீதிகள், ஐந்து தேர்கள். தண்டவாளமும் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை. வடமும் முட்டுக்கட்டையும் மட்டுமே! கீழவீதி முக்கில் தேர் திரும்பும் அழகைப் பார்த்தவர்களுக்கு ஏ.ஆர்.டி. பெரிய ஆச்சரியமே இல்லை என்பேன்!

இதையும் கேளுங்கள். இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடியது சென்னையில். வருஷம் 1895! அது நின்றது 1953-ல். அதே 1953-ல்தான் கொழும்பில் தண்டவாளம் இல்லாத டிராலி பஸ் ஓட ஆரம்பித்தது!

சென்னைக்கு மின்சாரம் திரும்பி வந்துவிட்டது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஒரே நாளில் 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன!

நெய்வேலியில் முதல் அனல்மின் உற்பத்தி 1962-ல். கரன்ட் நம்ம கடலூர் மாவட்டத்திலேயே விளைகிறது! கடலூர் – சிதம்பரம் ரூட்டுக்கு மின்சார பஸ் வேண்டும் என்று உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு இன்றே ஒரு கடிதம் போடுங்கள்!