கடனும் மன்னிப்பும்: விவிலியப் போதனையை அன்றாட வாழ்வில் பொருத்தும் முறை

முன்னுரை

தமிழ்க் கிறித்தவர் பலரின் இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரு புதிய வாக்குத்தத்த அட்டையைக் காணலாம். ஆண்டிறுதி இரவு ஆராதனையில் பெற்ற வசனமொன்று அதில் அச்சிடப்பட்டிருக்கும். அவ்வாண்டு முழுவதும் அதுவே அக்குடும்பத்திற்கு ஆறுதலாகவும் வழிகாட்டியாகவும் அமையும். இவ்வழக்கத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. எனினும், ஒரு வசனத்தைத் தனித்தெடுத்து வாழ்க்கைச் சிக்கலுக்கு மருந்தாக இடும்பொழுது, அது யாரை நோக்கிக் கூறப்பட்டது என்னும் வினா மறைந்துவிடுகின்றது.

எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். தம்பி தவணைமுறையில் வாகனம் வாங்குகின்றான். அண்ணன் பிணையாளராகக் கையொப்பமிடுகின்றார். சில மாதங்களில் தம்பிக்கு வேலை போகின்றது, தவணை நிற்கின்றது, வங்கியின் கடிதம் அண்ணன் வீட்டிற்கு வருகின்றது. உடன்பிறந்தார் மன்னிக்க வேண்டும் என்னும் போதனையைத் தம்பி நினைவூட்டுகின்றான். கடன் வாங்கித் திருப்பித் தராதவரைப் பற்றிய சங்கீத வசனத்தை அண்ணன் எடுத்துரைக்கின்றார். சபையினரோ இருவருக்கும் கவலை வேண்டாம் என்னும் போதனையைக் கூறிச் செபித்துச் செல்கின்றனர். மூவர் கூறியவையும் விவிலியத்தில் உள்ளவையே. ஆயினும், ஒரே திருச்சபையில் ஒன்றாக அமர்ந்த உடன்பிறப்புகள் பேச்சற்றுப் போகின்றனர்.

இங்கு நேர்ந்த பிழை வசனம் அறியாமை அன்று. ஒவ்வொருவரும் பிறரை நோக்கிக் கூறப்பட்ட வசனத்தைத் தாம் கையிலெடுத்தமையே ஆகும். கடன் பற்றிய விவிலியப் பகுதிகளைக் கொண்டு இக்கருத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். விவிலிய நூற்பெயர்கள் 'பரிசுத்த வேதாகமம்' என்னும் பதிப்பின் மரபுப்படி இங்கு தரப்படுகின்றன.

'கடன்' என்னும் சொல்

இயேசு கற்பித்த செபத்தில் மன்னிப்பு வேண்டும் பகுதி ஒன்றுண்டு (மத்தேயு 6:12). அதன் கிரேக்க மூலத்தில் உள்ள 'ஒஃபைலேமா' என்னும் சொல் செலுத்த வேண்டிய கடனைக் குறிப்பதாகும். இயேசு பேசிய அரமேய மொழியில் 'ஹோபா' என்னும் சொல் கடனையும் பாவத்தையும் ஒருங்கே உணர்த்தும். பரிசுத்த வேதாகமம் இவ்விடத்தில் 'கடன்' என்றே மொழிபெயர்க்கின்றது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'குற்றம்' என்னும் சொல்லை ஆள்கின்றது. பின்னது பொருளைத் தெளிவாக்குகின்றது. முன்னது சொல்லின் வேரைக் காக்கின்றது. லூக்கா நற்செய்தியோ இதே செபத்தில் பாவம், கடன் என்னும் இரு கருத்துகளையும் அருகருகே வைத்துள்ளது (லூக்கா 11:4).

தமிழில் 'கடன்' என்பதற்குக் கடமை என்பதும் பொருள். புறநானூற்று 312ஆம் பாடல் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் முதலானோர்க்கு உரிய கடமைகளை இச்சொல்லாலேயே வகுத்துரைக்கின்றது. திருக்குறளின் 218ஆம் குறளும் கடமை அறிந்த அறிவுடையோரைக் குறிக்க இதனையே பயன்படுத்துகின்றது. காலைக்கடன், நன்றிக்கடன் முதலிய வழக்குகள் இன்றும் உள்ளன. ஆகவே, தமிழ் வாசகர் அச்செபத்தில் 'கடன்' என்று சொல்லும்பொழுது பணத்தை மட்டுமன்றி, பிறர்க்குச் செய்யத் தவறிய கடமையையும் எண்ண இடமுண்டு. அரமேயச் சொல்லின் பொருள் எல்லையும் தமிழ்ச் சொல்லின் பொருள் எல்லையும் ஒன்றல்ல. ஆயினும், பணமும் அறமும் ஒரே சொல்லுக்குள் அடங்கும் தன்மை இரண்டிற்கும் பொதுவாக உள்ளமை நோக்கத்தக்கது.

கடன் கொடுத்தவரை நோக்கிய கட்டளைகள்

பழைய ஏற்பாட்டில் கடன் பற்றிய சட்டங்களுள் பெரும்பாலானவை கடன் கொடுத்தவரை நோக்கியே அமைந்துள்ளன. ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்கலாகாது. அடகாகப் பெற்ற மேலாடையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பித்தர வேண்டும், இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறு துணி இல்லை என்று யாத்திராகமம் காரணமும் கூறுகின்றது (22:25-27). மாவரைக்கும் எந்திரக் கல்லை அடகாகக் கொள்ளலாகாது. அடகுப் பொருளை எடுக்கக் கடன்பட்டவனின் வீட்டிற்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்பன உபாகமத்தின் விதிகள் (24:6, 10-11). ஒருவனது உணவு, உறக்கம், வீட்டின் மதிப்பு ஆகிய மூன்றும் கடனால் பறிக்கப்படலாகாது என்பது இவற்றின் உட்கருத்து எனலாம்.

ஏழாம் ஆண்டு விடுதலைச் சட்டமும் இத்தன்மையதே (உபாகமம் 15:1-11). விடுதலை ஆண்டு நெருங்குகின்றது என்று எண்ணிக் கடன் கொடுக்க மறுப்பவனின் உள்ளக் கணக்கையும் அச்சட்டம் கண்டிக்கின்றது. அந்நியரிடம் வட்டி பெற இடமளிக்கும் விதியும் அந்நூலில் உண்டு (23:20). அதனையும் மறையாமல் கூறுதலே நேர்மையாகும். தொடக்கத்தில் உறவினர்க்குள் நின்ற அறத்தைப் பகைவருக்கும் கடன் கொடுங்கள் என்னும் அளவிற்கு இயேசுவின் போதனை விரித்தது (லூக்கா 6:35).

கடன்பட்டவரை நோக்கிய சொற்கள்

கடன்பட்டவர்க்குக் கடமை இல்லை என்று இதனால் கருதலாகாது. இரண்டாம் இராஜாக்கள் நூலில் வரும் விதவையின் நிகழ்ச்சி இதற்குச் சான்றாகும் (4:1-7). கணவனை இழந்த அவளுடைய இரு மைந்தரையும் அடிமைகளாக்கிக்கொள்ளக் கடன்காரன் வந்து நிற்கின்றான். எலிசா அவளிடம், வீட்டில் என்ன இருக்கின்றது என்று கேட்கின்றார். இருந்தது சிறிது எண்ணெய் மட்டுமே. அயலாரிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொல்கின்றார். பாத்திரங்கள் நிரம்பிய பின், எண்ணெயை விற்று முதலில் கடனை அடைக்கவும், எஞ்சியதைக் கொண்டு மைந்தரோடு வாழவும் பணிக்கின்றார்.

அற்புத நிகழ்ச்சியாகவே இது பெரும்பாலும் போதிக்கப்படுகின்றது. ஆனால், அவ்வற்புதத்துள் இருப்பைக் கணக்கிடுதல், அயலாரின் உதவி, விற்பனை, கடன் செலுத்துதல் ஆகிய நான்கும் உள்ளன. கடன் மாயமாக மறைந்துவிடவில்லை, அடைக்கப்பட்டது. காணிக்கை கொடுத்தால் கடன் தீரும் என்னும் போதனைக்கு இந்நிகழ்ச்சி ஆதாரமாகாது. விதவையிடம் தீர்க்கதரிசி எதனையும் பெற்றுக்கொள்ளவில்லை.

சபையை நோக்கிய அறைகூவல்

நெகேமியா ஐந்தாம் அதிகாரம் ஒரு சமூகம் முழுவதும் கடனில் சிக்கிய நிலையைக் காட்டுகின்றது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில், எருசலேமின் மதில் மீண்டும் எழுந்த காலத்தில், பஞ்சத்தால் சிலர் வயலையும் வீட்டையும் அடகு வைத்தனர், அரசனுக்கு வரி செலுத்தச் சிலர் கடன் வாங்கினர், பிள்ளைகள் அடிமைகளாயினர். கடன் கொடுத்தவர்கள் அந்நியரல்லர். உடன் நின்று மதில் கட்டிய சொந்த மக்களே.

நெகேமியா கடன்பட்டவர்களைப் பொறுத்திருக்குமாறு அறிவுறுத்தவில்லை. மேன்மக்களையும் அதிகாரிகளையும் சபை கூட்டிக் கண்டித்தார். தாமும் தம் சகோதரரும் கடன் கொடுத்தவர்களே என்பதை ஒப்புக்கொண்டார். நிலங்களையும் நூற்றில் ஒரு பங்காகப் பெற்ற வட்டியையும் திருப்பித்தரச் செய்து, ஆசாரியர்முன் ஆணையும் பெற்றார். பன்னிரண்டு ஆண்டுகள் ஆளுநருக்குரிய உணவுப்படியைத் தாம் வாங்கவில்லை என்றும் பதிவு செய்கின்றார்.

கடனும் உழைப்பும் பிணைந்த இந்நிலை நம் வரலாற்றிற்கும் புதிதன்று. மலாயாத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோருள் பலர் பயணச் செலவையும் முன்பணத்தையும் கடனாகச் சுமந்தே வந்தனர். இந்தியர்க்கான ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரரின் மிரட்டலுக்கு அஞ்சும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. அவர்களிடம் கவலை வேண்டாம் என்று மட்டும் கூறுதல், உடையும் உணவும் இல்லாதவனை வாழ்த்தி அனுப்பிவிடுவதற்கு ஒப்பாகும். யாக்கோபு கண்டிப்பது இதனையே (2:15-16). கவலை பற்றிய போதனை மலைப்பொழிவின் ஒரு பகுதி. கேட்பவனுக்குக் கொடுத்தலும் கடன் நாடுபவனுக்கு முகங்கோணாமையும் அதே பொழிவில் முன்னரே கற்பிக்கப்பட்டுள்ளன (மத்தேயு 5:42). முன்னதைச் சொல்பவர் பின்னதற்குக் கட்டுப்பட்டவராவார்.

பிணை நிற்றல்

பிறர்க்குப் பிணை நிற்பதை நீதிமொழிகள் பலமுறை எச்சரிக்கின்றது (6:1-5, 22:26-27). செலுத்த வழியில்லாதவனின் படுக்கையும் பறிபோகும் என்பது அதன் வாதம். பவுலோ பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தில், ஒநேசிமு பட்ட கடன் ஏதேனும் இருப்பின் அதனைத் தம் கணக்கில் வைக்குமாறு கூறித் தம் கையாலேயே உறுதி எழுதிக்கொடுக்கின்றார் (18-19). இவை முரண்போலத் தோன்றினும் முரண் அல்ல. நீதிமொழிகள் ஆராயாமல் வாக்குக் கொடுப்பவனை எச்சரிக்கின்றது. பவுல் தாமே செலுத்தும் மனத்தோடு கையெழுத்திடுகின்றார். ஆகவே பிணையாளர் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா, அவன் செலுத்துவானா என்பதன்று. அவன் தவறினால் நான் செலுத்துவேனா என்பதே.

மலேசியச் சட்டமும் இவ்விடரை உணர்ந்துள்ளது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இலாபநோக்கின்றிக் கல்விக் கடனுக்கோ, சொந்தப் பயன்பாட்டு வாகனத்திற்கோ, குடியிருக்கும் வீட்டிற்கோ பிணை நின்ற சமூகப் பிணையாளர்மீது திவால் நடவடிக்கை எடுக்க இயலாது. எனினும் பணம் செலுத்தும் பொறுப்பு முற்றிலும் நீங்கிவிடுவதில்லை என்பதை மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும்.

மன்னிப்பின் கணக்கு

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில், பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஊழியன் தன்னிடம் நூறு தெனாரியம் கடன்பட்டவனின் கழுத்தைப் பிடிக்கின்றான் (23-35). ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். எனவே முதற்கடன் 6 கோடி நாள் கூலி. இரண்டாவது 100 நாள் கூலி. முன்னது பின்னதைப்போல் 6 இலட்சம் மடங்கு. இவ்வேறுபாட்டைப் பலரும் எடுத்துரைப்பர். ஆயினும் 100 நாள் கூலி சிறுதொகை அன்று என்பதையும் நாம் மறத்தலாகாது. இழப்பே இல்லை என்று உவமை கூறவில்லை. மெய்யான இழப்பை ஏற்றுக்கொண்டே மன்னிக்கச் சொல்கின்றது.

மன்னிக்கும் கட்டளை கடன் கொடுத்தவனை நோக்கியது. கடன்பட்டவன் அதனை உரிமையாகக் கோரும்பொழுது மன்னிப்பு வற்புறுத்தலாக மாறிவிடுகின்றது. அவனுக்குரிய போதனை, யாருக்கும் கடன்படாதிருக்க முயலுமாறு ரோமர் நிருபம் கூறுவதே (13:7-8). அவ்வாறே, கடன் கொடுத்தவர் சங்கீதம் 37:21ஐக் கையிலெடுத்துக் கடன்பட்டவரைத் தீயவர் எனத் தீர்ப்பிடுவதும் பொருந்தாது. கொடாமையும் கொடுக்க இயலாமையும் வேறு வேறு.

முடிவுரை

நாம் முதலிற் கண்ட குடும்பத்திற்கு மீள்வோம். தம்பி தனக்குரிய வசனத்தை ஏற்றால், மன்னிப்பைக் கோருமுன் தன் நிலையை மறைக்காமல் கணக்கிட்டு உரைப்பான். இயன்ற சிறுதொகையையேனும் செலுத்துவான். அண்ணன் தமக்குரியதை ஏற்றால், கையொப்பத்தின் பொறுப்பைத் தாங்குவார். ஊரறியத் தம்பியை இழிவுபடுத்தமாட்டார். சபை தனக்குரியதை ஏற்றால், செபத்தோடு நில்லாது, பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டு தோற்றுவித்த ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை முகமைக்கு அவர்களை அழைத்துச் செல்லும். உதவிநிதி இருப்பின் அதனைத் திறக்கும். இருவருடைய மேசையிலும் உணவு இருக்கின்றதா எனக் கேட்கும்.

விவிலியத்தை வாழ்வில் பொருத்துதல் என்பது சிக்கலுக்கு ஏற்ற வசனத்தைத் தேடுவதில் முடிந்துவிடுவதில்லை. இச்சொல் யாரை நோக்கியது, அவருள் நான் ஒருவனா என்று கேட்பதிலேயே அது தொடங்குகின்றது. சமய நூலாயினும் அற நூலாயினும், கூற்று யாருடையது, கேட்போர் யார் என வினவிப் பொருள் காண்பது தமிழாசிரியர்க்குப் பழகிய முறையே ஆகும். அகப்பாடலுக்கு நாம் கற்பிக்கும் அம்முறையை விவிலிய வாசிப்பிற்கும் கற்பித்தால், வசனம் பிறரைத் தாக்கும் கருவியாகாமல் நம்மைத் திருத்தும் சொல்லாக நிற்கும்.