பாட்டிலுக்குள்ள ஒரு கெஜட்டட் ஆபீஸர்!

‘அரியர் எழுதுறதுக்கு அஞ்சு ரூபா பால் பாயின்ட் பத்தாதா மச்சி?’ - ஹாஸ்டல் ரூம்மேட்டின் இந்த அன்பான வரவேற்போடதான் நம்ம அடர் பச்சை இங்க் பாட்டில் ரூமுக்குள்ள வலது காலை எடுத்து வெச்சது. கூடவே, இன்டர்ன்ஷிப்பில் வந்த முதல் காசுல வாங்கின எபோனைட் பேனா. திருவள்ளூர்ல கையால கடைசல் பிடிச்சது. கழுத்தைக் கழட்டி, ஃபில்லரால நேரா வயித்துக்குள்ளேயே இங்க்கை ஊத்தணும்.

எழுதிப் பார்த்தேன். ஈரத்துல கிட்டத்தட்ட கறுப்பு, காஞ்சதும் மாவிலைப் பச்சை. ரெக்கார்டு நோட்டுல ஜம்முனு நின்ன எழுத்துக்கு, மட்டமான ஜெராக்ஸ் பேப்பர்ல மீசை முளைச்சிருச்சு. காரணம், நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடம்தான். நிப்புக்கு இங்க்கை இழுத்துட்டு வர்ற அதே கேப்பிலரி ஆக்‌ஷன், பேப்பர் நாருக்குள்ளயும் இழுத்துட்டுப் போயிடுது!

அடுத்து, ஃபில்டர் பேப்பர்ல ஒரு பொட்டு வெச்சு, நுனியைத் தண்ணியில நனைச்சேன். குரோமட்டோகிராபி! பச்சை மெதுவா ஏறி, மஞ்சள் தனியா, நீலம் தனியா பிரிஞ்சு நின்னுச்சு. அவ்வளவுதான், சாயமும் தண்ணியும்.

உற்சாகமா அப்பாவுக்கு போன் போட்டேன். ‘‘பச்சை இங்க்கா? அதுல எல்லாம் நாம எழுதலாமாடா?’’னார் பதறிப்போய்.

1995-ல் ப்ளஸ் டூ முடிச்சவர் அவர். பாலிடெக்னிக் விண்ணப்பத்தோட வெக்கிற மார்க் ஷீட் நகல்ல கெஜட்டட் ஆபீஸரோட பச்சைக் கையெழுத்து வேணும். மூணு நாள் ஒரு ஆபீஸ் வாசல்ல நின்னிருக்கார். கையெழுத்து கிடைச்சப்போ கடைசி தேதி தாண்டியிருந்தது. அப்புறம் லேத் பட்டறை. முப்பது வருஷமா அதேதான்.

அப்படி என்னதான் சட்டம்னு தேடினேன். மத்திய அரசு ஆபீஸ் நடைமுறைக் கையேட்டின்படி, கோப்புகள்ல நீலம் இல்லைன்னா கறுப்புதான். இணைச் செயலாளர் அந்தஸ்துலேர்ந்து மேல இருக்கிறவங்க மட்டும் அபூர்வமா பச்சையோ, சிவப்போ தொடலாம். அது ஃபைலுக்கு, நம்ம டைரிக்கு இல்லை. சான்றிதழ் நகலுக்கும் சொந்தக் கையெழுத்தே போதும்னு 2014-ல மத்திய அரசே வலியுறுத்திருச்சு. சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதா கவிதையே பச்சையிலதான் எழுதினார். (செமஸ்டர் ஹால்ல மட்டும் இந்த நெரூதா வேலை வேணாம் மக்களே... அங்கே நீலம், கறுப்புதான்!)

ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட பேனாவை நீட்டினேன். முதல்ல பேனாவோட மரையைத் தடவிப் பார்த்து, ‘‘நல்ல கடைசல்’’னார். அப்புறம், என் மார்க் ஷீட் ஜெராக்ஸோட பின்பக்கத்துல, நிதானமா தன் கையெழுத்தைப் போட்டார். காயுற வரைக்கும் பார்த்துட்டே இருந்தார்.

‘‘அரை நிமிஷம்கூட ஆகலையேடா..!’’