ஃபோர் பை ஃபோருக்கு 3 லட்சம் கூடக் கொடுத்தா வண்டி சீக்கிரம் நிக்குமா?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மச்சான் கையில ரெண்டு கொட்டேஷனோட வீட்டுக்கு வந்தான். ஒரே மாடல், 7 பேர் உட்கார்ற பெரிய எஸ்யூவி. ஒண்ணு டூ வீல் டிரைவ், இன்னொண்ணு ஃபோர் பை ஃபோர். ஆன்-ரோடு வித்தியாசம் 3 லட்சம்.

"மாமா, பின்னாடி குழந்தைங்க உட்கார்றாங்க. மழையில சடன் பிரேக் போட்டா நாலு வீலும் பிடிச்சு நிறுத்தணும்ல? சேஃப்டிக்குன்னு வரும்போது 3 லட்சம் பார்க்கக் கூடாது"ன்னான்.

பணத்தை விடுங்க, முதல்ல அந்த நம்பிக்கையைப் பார்ப்போம். ஃபோர் பை ஃபோர்ங்கிறது இன்ஜின் சக்தியை நாலு சக்கரத்துக்கும் அனுப்புற ஏற்பாடு. சேறு, மணல், செங்குத்தான மண் ரோடுன்னு வண்டியை நகர்த்த முடியாத இடத்துல நகர்த்தும். பிரேக்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. 6 லட்சம் ரூபாய் சின்ன கார்லயும் பிரேக் நாலு சக்கரத்துலயும்தான் பிடிக்குது. இன்னும் சொல்லப்போனா ஈர ரோட்டுல ஃபோர் பை ஃபோர் கொஞ்சம் ஏமாத்தவும் செய்யும். ஆக்ஸிலேட்டரை அழுத்தினா வழுக்காம சீறிட்டுப் போகுது, அதனால ரோட்டுல நல்ல பிடிப்பு இருக்குன்னு நினைச்சுக்கிறோம். நிறுத்தும்போதுதான் உண்மை தெரியும்.

அப்போ வண்டியை நிறுத்துறது எது? டயர். ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுற இடம் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு. ரெண்டரை டன் வண்டிக்கும் அந்த நாலு உள்ளங்கைதான்.

கணக்குக்கு வருவோம். 100 கி.மீ வேகம்னா நொடிக்கு சுமார் 28 மீட்டர். முன்னாடி போற லாரி நிக்குறதைப் பார்த்து, மூளைக்கு உறைச்சு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடின்னு வைங்க. பிரேக்கைத் தொடுறதுக்கு முன்னாடியே 42 மீட்டர் போயாச்சு. அதுக்கப்புறம் காய்ஞ்ச ரோடு, சுமாரான டயர்னா இன்னும் ஒரு 49 மீட்டர். மொத்தம் 91 மீட்டர். ஈர ரோட்டுல பிடிப்பு குறைஞ்சா அந்த 49, 79 வரைக்கும் கூட போகலாம்.

இப்போ இதை நல்லா கவனிங்க. ஒரே வண்டி, நல்ல டயர்ல 40 மீட்டர்ல நிக்குது, சுமாரான டயர்ல 49 மீட்டர் எடுக்குதுன்னு வைங்க. வித்தியாசம் 9 மீட்டர்தான், ரெண்டு கார் நீளம். ஆனா முதல் வண்டி முழுசா நின்ன அந்த 40-வது மீட்டரை ரெண்டாவது வண்டி கடக்கும்போது அதோட வேகம் என்ன தெரியுமா? 43 கி.மீ. வேகம் ஒரே சீரா குறையாது, கடைசி சில மீட்டர்லதான் மளமளன்னு இறங்கும். அந்த 43 கி.மீ வேகத்துலதான் முன்னாடி நிக்கிற லாரியோட பின்பக்கம் வரும்.

எடையும் விளையாடும். 7 பேர், லக்கேஜோட 2.5 டன் வண்டி 100-ல போகும்போது அதுல இருக்கிற ஆற்றல் சுமார் 9.6 லட்சம் ஜூல். 1.2 டன் சின்ன கார்ல 4.6 லட்சம். பிரேக் போட்டா இதெல்லாம் டிஸ்க்குலயும் பேடுலயும் சூடா மாறணும். பெரிய வண்டிக்குப் பெரிய டிஸ்க் போட்டுத்தான் தர்றாங்க, அதனால ஒரு தடவை அழுத்தினா சமாளிச்சிடும். வால்பாறையில இருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது பிரேக் மேலயே கால் வெச்சிருந்தா கதை வேற. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். புது டாட் 4 ஆயில் கொதிக்க குறைஞ்சது 230 டிகிரி வேணும். ஈரம் ஏறினதுக்கு 155 டிகிரி போதும். ஆயில் கொதிச்சா உள்ள ஆவி, பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்த சில ஆயிரம்தான் ஆகும். சர்வீஸ் பில்லைக் குறைக்கணும்னா நாம முதல்ல வெட்டுறதே அந்த லைனைத்தான்!

இறக்கத்துல கியரைக் குறைச்சு இன்ஜினையே பிரேக்கா வெச்சு இறங்குங்க. எங்க அப்பா காலத்து டிரைவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆட்டோமேட்டிக் வந்த பிறகு நாமதான் மறந்துட்டோம்.

அவங்ககிட்ட இருந்து வந்த இன்னொரு பழக்கத்தை மட்டும் விட்டுடணும்: சடன் பிரேக்னா விட்டு விட்டு அழுத்துறது. 2019 ஏப்ரல்ல இருந்து விக்கிற எல்லா புது கார்லயும் ஏபிஎஸ் கட்டாயம். விட்டு விட்டு பிடிக்கிற வேலையை அதுவே நொடிக்குப் பல தடவை செய்யுது. நாம செய்ய வேண்டியது முழு பலத்தோட அழுத்தி, அப்படியே பிடிச்சுக்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்புறது. அப்போ பெடல் காலுக்குக் கீழ டகடகன்னு அதிரும். ஏதோ உடைஞ்சிடுச்சுன்னு பயந்து காலை எடுக்கிறவங்கதான் அதிகம்.

சரி, 3 லட்சத்துக்கு வருவோம். 20 லட்சத்துக்கு மேல விலை உள்ள காருக்கு தமிழ்நாட்டுல ரோடு டாக்ஸ் 20%. அப்படின்னா எக்ஸ்-ஷோரூம் வித்தியாசம் 2.5 லட்சம், ரோடு டாக்ஸ் 50,000. 2025 செப்டம்பர் 22-ல இருந்து பெரிய எஸ்யூவிக்கு ஜிஎஸ்டி 40%, அந்த 2.5 லட்சத்துக்குள்ள அதுவே சுமார் 71,000. ஆக நீங்க சேஃப்டின்னு நினைச்சுக் கொடுக்கிற 3 லட்சத்துல 1.21 லட்சம் அரசாங்கத்துக்கு. கம்பெனி பேர்ல எடுத்தா ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, செக்‌ஷன் 17(5) பொதுவா அதைத் தடுக்குது. கார் வாடகைக்கு விடுற தொழில் மாதிரி சிலருக்குத்தான் விலக்கு.

அந்த 3 லட்சத்தையும் லோன்ல போட்டா, 9% வட்டி, 7 வருஷம்னா மாசம் 4,827 ரூபாய். மொத்தம் கட்டுறது 4.05 லட்சம். வட்டி மட்டும் 1.05 லட்சம். இந்த சைஸ் வண்டிக்கு ஒரு நல்ல டயர் 17,000-ன்னு வெச்சா நாலுக்கு 68,000. வட்டிக் காசுலயே ஒரு செட் டயர் மாத்திட்டு மீதியும் இருக்கும்.

எஸ்டேட் மண் ரோடு, தோட்டம், ஆத்து மணல்னு தினமும் போறவங்க ஃபோர் பை ஃபோர் தாராளமா எடுங்க. மச்சான் மாசம் ரெண்டு தடவை சென்னை, வருஷத்துக்கு ஒரு தடவை வால்பாறை. அவனுக்கு நான் சொன்னது: அதே பட்ஜெட்ல தானா பிரேக் போடுற வசதி இருக்கிற வேரியன்ட் வருதான்னு பாரு. அது டயர் பிடிப்பைக் கூட்டாது, நம்ம ஒன்றரை நொடியைத்தான் குறைக்கும். திடீர்னு குறுக்க வர்ற மாட்டையும் பைக்கையும் நம்ம ஊர்ல அது எப்பவும் கண்டுபிடிக்கும்னு சொல்ல முடியாது. ஆனா நிக்கிற லாரி பின்னாடி தூக்கக் கலக்கத்துல போறப்போ அந்த ஒரு நொடி 28 மீட்டர். ஸ்டார் ரேட்டிங்கை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதே, பாரத் என்கேப் ஸ்டார் முக்கியமா மோதினா உள்ள இருக்கிறவங்களுக்கு என்ன ஆகும்னு சொல்றது. எத்தனை மீட்டர்ல நிக்கும்னு அதுல இல்ல.

பேச்சுவாக்குல கீழ இறங்கி, அவன் இப்போ ஓட்டுற பழைய 7 சீட்டரோட டயரைப் பார்த்தேன். பக்கவாட்டுல டாட்னு ஆரம்பிக்கிற வரிசையில கடைசி 4 நம்பர், தயாரிச்ச வாரமும் வருஷமும். 3817. அதாவது 2017-ம் வருஷம் 38-வது வாரம். பள்ளத்துக்குள்ள இருக்கிற 1.6 மி.மீ அடையாளக் கட்டைக்கு இன்னும் கொஞ்சம் உசரம் இருந்துச்சு, ஆனா ரப்பர் வெடிச்சுப் பாளம் பாளமா இருக்கு. முந்தின வாரம்தான் அதுல குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டு ஏற்காடு போய்ட்டு வந்திருக்கான்.

திங்கக்கிழமை காலையில முதல் வேலையா நாலு டயரும் மாத்தியாச்சு, பிரேக் ஆயிலும் சேர்த்து. ரெண்டு கொட்டேஷனும் இன்னும் எங்க வீட்டு டேபிள்லதான் கிடக்கு.