டாக்காவின் ஒளிப்படப் பாடசாலை

'பாட்ஷாலா' என்பது வங்கமொழிச் சொல். ஆயினும் நமக்கு அது அந்நியமானது அன்று. 'பாடசாலை' என்று நம் முன்னோர் வழங்கியதும், நாம் இன்றும் வழங்குவதும் அதே சொல்தான். மரநிழலில் ஆசிரியர் அமர்ந்திருக்க, மாணவர் அவரைச் சூழ்ந்திருந்து பாடம் கேட்ட பழைய கல்விமுறையை அது நினைவூட்டுகிறது. பங்களாதேஷின் தலைநகராகிய டாக்காவில் 1998-ஆம் ஆண்டு டிசம்பரில் புகைப்படக் கலைக்கென்று ஒரு கல்லூரி தொடங்கப்பட்டபோது, அதை நிறுவியவர்கள் இந்த எளிய பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

இக்கல்லூரியின் மாணவரும் ஆசிரியரும் கால் நூற்றாண்டுக் காலத்தில் பெற்றுள்ள உலகப் பரிசுகள் பல. வெள்ளமும் புயலும் வறுமையும் மட்டுமே செய்தியாகி வந்த ஒரு நாட்டிலிருந்து, செய்தியை எடுத்துச் சொல்வோரே உலக அரங்கில் ஏறிப் பரிசு பெற்றது சிறிய செயலன்று. ஆனால் இத்தகைய பரிசுகளைப்பற்றிப் படிக்கும்போது நம் உள்ளத்தில் ஒரு வினா எழாமல் இராது. பிறருடைய கண்ணீரைப் படமெடுத்து ஒருவர் பரிசு பெறுவது முறையாகுமா? படமெடுத்தவருக்குப் பரிசு கிடைக்கிறது. படத்தில் இருப்பவருக்கு என்ன கிடைக்கிறது? இந்த வினாவுக்குப் பாட்ஷாலாவினர் தம் வாழ்க்கையாலேயே விடை தேடி வந்திருக்கிறார்கள்.

வேதியியல் அறிஞர் கையில் ஒரு காமிரா

கல்லூரியை நிறுவியவர் ஷாஹிதுல் ஆலம். 1955-இல் டாக்காவில் பிறந்த இவர் இங்கிலாந்துக்குச் சென்று வேதியியல் கற்று, லண்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். மாணவராய் இருந்த காலத்தில் அமெரிக்காவுக்குச் சென்றபோது, நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஒரு நிக்கான் காமிராவை வாங்கி வந்தார். நண்பரால் அதற்குரிய பணத்தைக் கொடுக்க இயலவில்லை. காமிரா வாங்கியவரிடமே தங்கிவிட்டது. அதுவே அவருடைய வாழ்க்கைப் பாதையை மாற்றியது.

1984-இல் அவர் தாய்நாடு திரும்பினார். அப்போது அங்கு இராணுவத் தலைவர் எர்ஷாதின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அவ்வாட்சியை எதிர்த்து மக்கள் நடத்திய போராட்டத்தை ஆலம் படமெடுத்தார். 1989-இல் 'திரிக்' என்னும் புகைப்பட நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 'பார்வை' என்பது அச்சொல்லின் பொருள்.

அவர் அடிக்கடி எடுத்துரைக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. வட அயர்லாந்தில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் அவர் தங்கியிருந்தார். ஒருநாள் தம் சட்டைப்பையிலிருந்த சில்லறைக் காசுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். அதைக் கண்ட அவ்வீட்டின் ஐந்து வயதுச் சிறுமி பெரிதும் வியந்தாளாம். பங்களாதேஷைச் சேர்ந்தவரிடம் காசு எப்படி இருக்க முடியும் என்பதே அவளுடைய வியப்பு! அக்குழந்தை எவரையும் இழிவாக எண்ணவில்லை. அவள் அதுவரை கண்ட படங்கள் அவளுக்குக் கற்பித்திருந்தது அவ்வளவே. ஒட்டிய வயிறும் நீட்டிய கையுமே அந்நாட்டின் முகம் என்று அப்படங்கள் அவளிடம் சொல்லியிருந்தன.

அத்தகைய படங்களை எடுத்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். பேரிடர் நேர்ந்தவுடன் விமானத்தில் வந்திறங்கி, சில நாள் தங்கிப் படமெடுத்துச் சென்றுவிடுவார்கள். அந்நாட்டில் திருமணமும் திருவிழாவும் நடைபெறுவதையும், மக்கள் உழைத்து உண்பதையும், சிரித்து மகிழ்வதையும் காண அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. 'மூன்றாம் உலகம்' என்ற பெயரும் ஆலமுக்கு உடன்பாடன்று. மனிதகுலத்தின் பெரும்பகுதியினர் வாழும் இந்நாடுகளைப் 'பெரும்பான்மை உலகம்' என்றே அழைக்கவேண்டும் என்று அவர் வாதிட்டார். அந்த உலகின் கதையை அதன் மக்களே சொல்லவேண்டுமாயின், அவர்களுக்குப் பயிற்சி வேண்டும். அந்தத் தேவையிலிருந்து பிறந்ததே பாட்ஷாலா.

பரிசு பெற்றோர் சிலர்

ஹாலந்து நாட்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் 'வேர்ல்டு பிரஸ் போட்டோ' என்னும் அமைப்பு 1955 முதல் இயங்கி வருகிறது. பத்திரிகைப் புகைப்படத் துறையில் உலகின் முதன்மையான பரிசுகளில் இதன் பரிசும் ஒன்று. 2003-இல் இதன் நடுவர் குழுவுக்கு ஆலமே தலைவராக இருந்தார். அவருடைய மாணவர்களும் அப்பரிசுப் பட்டியலில் இடம்பெற்றனர்.

டாக்காவில் ஓர் இரயில் நிலையம். வந்துகொண்டிருக்கும் இரயிலின் கூரைமேலும் மக்கள் நெருக்கியடித்து அமர்ந்திருக்கிறார்கள். ஏறுவதற்கு மேடையில் மேலும் பலர் காத்து நிற்கிறார்கள். ஆண்ட்ரூ பிராஜ் எடுத்த இப்படம் 2011-இல் அன்றாட வாழ்வு என்னும் பிரிவில் மூன்றாம் பரிசு பெற்றது.

முனேம் வாசிப் 2008-இல் பிரான்சு நாட்டின் பெர்பிஞான் நகரில் நடைபெறும் பத்திரிகைப் புகைப்பட விழாவில் இளம் செய்தியாளருக்கான விருதைப் பெற்றார். சுந்தரவனக் காடுகளை அடுத்த சாத்கீரா பகுதியில் அவர் எடுத்த படங்கள் நம் நெஞ்சை விட்டு அகல்வதில்லை. நெல் விளைந்த நிலங்களில் இறால் பண்ணைகள் வந்தன, உவர்நீர் பரவியது. எங்கு நோக்கினும் தண்ணீர், குடிப்பதற்கோ நீரில்லை. குடங்களைச் சுமந்து நெடுந்தொலைவு நடக்கும் பெண்களை அவர் படங்களில் காண்கிறோம்.

ஆசிரியராகவும் முதல்வராகவும் பணியாற்றிய அபீர் அப்துல்லாவும் இங்குப் பயின்றவரே. 1971-ஆம் ஆண்டு விடுதலைப் போரில் பங்குகொண்டு, பின்னர் மறக்கப்பட்ட வீரர்களை அவர் தேடிச் சென்று படமெடுத்தார். அத்தொடருக்கு 2001-இல் அமெரிக்காவின் 'மதர் ஜோன்ஸ்' விருது கிடைத்தது. அதே விருதை ஆலம் 1992-இல் பெற்றிருந்தார். ஆசிரியரும் மாணவரும் ஒரே பரிசைப் பெறுவது எந்தக் கல்லூரிக்கும் பெருமை தருவதன்றோ!

இடிபாட்டில் ஓர் அணைப்பு

2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள். டாக்காவை அடுத்த சாவர் என்னுமிடத்தில் 'ராணா பிளாசா' என்ற எட்டு மாடிக் கட்டடம் காலையில் இடிந்து விழுந்தது. அதனுள் ஆடை தைக்கும் தொழிற்சாலைகள் பல இருந்தன. முதல்நாளே சுவர்களில் வெடிப்புகள் காணப்பட்டன. இருந்தும் தொழிலாளர்கள் மறுநாள் வேலைக்கு வருமாறு பணிக்கப்பட்டனர். 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 2,500 பேர் காயமுற்றனர். மேலைநாட்டுக் கடைகளில் மலிவாக விற்கும் சட்டைகளைத் தைத்தவர்கள் அவர்கள்.

பாட்ஷாலாவில் பயின்ற தஸ்லிமா அக்தர் அன்று பகல் முழுவதும் அங்கே இருந்தார். நள்ளிரவு கடந்த பின்னர், இடிபாடுகளுக்கிடையே ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அணைத்தபடியே மாண்டு கிடப்பதைக் கண்டார். இடுப்புக்குக் கீழே கற்குவியல். ஆணின் கண்ணிலிருந்து இரத்தம் கண்ணீர்த் துளிபோல் வழிந்திருந்தது. அப்படம் உலகெங்கும் பரவியது. 'டைம்' இதழ் அவ்வாண்டின் சிறந்த பத்துப் படங்களுள் ஒன்றாக அதைத் தேர்ந்தது. 2014-இல் வேர்ல்டு பிரஸ் போட்டோவின் மூன்றாம் பரிசும் அதற்குக் கிட்டியது.

நாம் முதலில் எழுப்பிய வினா இங்கேதான் கூர்மையாக எழுகிறது. மாண்டவர் இருவரிடமும் எவர் அனுமதி கேட்க முடியும்? ஆனால் தஸ்லிமா காமிராவோடு ஓடி வந்து ஓடிச் சென்றவர் அல்லர். விபத்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே ஆடைத் தொழிலாளர் சங்கத்தில் உழைத்தவர். அப்பெண்களின் கூலியையும் குடியிருப்பையும் அறிந்தவர். படம் புகழ்பெற்ற பின்னரும் அவர் தம் வேலை முடிந்தது என்று இருந்துவிடவில்லை. அவ்விருவரும் யார், ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று தேடினார், விடை கிடைக்கவில்லை. மாண்டவர்களும் காணாமற் போனவர்களும் வெறும் எண்ணிக்கையாகிவிடக் கூடாது என்பதற்காக, அவர்களின் குடும்பங்களைத் தேடிச் சென்று, அவர்களுடைய பெயரையும் முகத்தையும் கதையையும் திரட்டும் பணியில் ஈடுபட்டார். பரிசு அவரை அம்மக்களிடமிருந்து பிரிக்கவில்லை.

ஜி.எம்.பி. ஆகாஷ் என்னும் மற்றொரு முன்னாள் மாணவர் வேறொரு வழி கண்டார். வேர்ல்டு பிரஸ் போட்டோ உலகெங்குமுள்ள இளங்கலைஞரில் சிலரை மட்டும் தேர்ந்து அளிக்கும் உயர்பயிற்சிக்கு 2002-இல் அழைக்கப்பட்டவர் அவர். பங்களாதேஷிலிருந்து அவ்வாறு அழைக்கப்பட்ட முதல்வரும் அவரே. குழந்தைத் தொழிலாளரையும் தெருவில் வாழ்வோரையும் நெடுங்காலம் படமெடுத்து, அப்படங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அதில் கிடைத்த வருவாயைக் கொண்டு, படங்களில் இருந்த குடும்பங்கள் சிலவற்றுக்குச் சிறுதொழில் அமைத்துக்கொடுத்தார். படத்தில் இருப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்ற வினாவுக்கு இதைவிட நேரடியான விடை ஏது?

வீட்டுக்குள்ளேயே ஒரு கதை

பரிசு பெறத் தொலைதூரம் செல்லவேண்டும் என்பதில்லை. சர்க்கார் பிரதீக் என்னும் இளைஞர் கைத்தொலைபேசியில் இருந்த காமிராவில் படமெடுக்கத் தொடங்கியவர். பாட்ஷாலாவில் சேர்ந்து பயின்ற அவர் தேர்ந்துகொண்ட பொருள் என்ன தெரியுமா? தம்மை வளர்த்த தாத்தாவும் பாட்டியும்!

முதுமை அவர்கள் இருவரையும் ஓர் அறைக்குள் அடக்கிவிட்டது. வெளிறிய சுவர், சன்னல் வழியே வரும் மங்கிய வெளிச்சம், நரைத்த தலை, சுருங்கிய கை. அப்படங்களில் இவற்றைத் தவிர வேறெதுவும் இல்லை. பேரன் படமெடுக்க வருவது முதியவர்களுக்குப் பெருமகிழ்ச்சி. படத்தின்மேல் உள்ள ஆசையால் அன்று. படமெடுக்கும் நேரமெல்லாம் அவன் தங்கள் அருகில் இருக்கிறானே என்பதால்! பாட்டி மறைந்த பின்னர், தனித்துவிட்ட தாத்தாவைக் காண அவர் அடிக்கடி சென்றார். தாங்கள் இருவரும் சந்தித்த நாட்களின் கதைகளைத் தாத்தா சொல்வார், பேரன் கேட்டுக்கொண்டிருப்பார். 'எஞ்சியிருப்பவை' என்னும் பொருள்படும் பெயர்கொண்ட இப்படத்தொடர் 2015-இல் அன்றாட வாழ்வுத் தொடர்களுக்கான இரண்டாம் பரிசைப் பெற்றது. பிரதீக் பின்னர் பாட்ஷாலாவிலேயே ஆசிரியரானார்.

வீட்டுக்குள் நடக்கும் மற்றொரு கதையை ஜன்னதுல் மாவா என்னும் பெண்மணி சொல்கிறார். இவரும் இங்குப் பயின்றவர். வீட்டுத் தலைவியையும் அவ்வீட்டில் வேலை செய்யும் பெண்ணையும் வரவேற்பறைச் சோபாவில் அருகருகே அமரச் செய்து படமெடுத்தார். அந்தச் சோபாவை நாள்தோறும் துடைப்பவள் வேலைக்காரப் பெண்தான். அதில் அவள் அமர்வதற்கோ அனுமதி இல்லை. இருவருக்கும் இடையே உள்ள இடைவெளி சில அங்குலம். அதைக் கடப்பதோ எவ்வளவு கடினம்! இப்படங்களைப் பார்க்கும் எவரும் தம் வீட்டுக் கூடத்தை ஒருமுறை நினையாமல் இருக்க மாட்டார்.

ஆசிரியர் சிறை சென்றார்

2018 ஜூலை இறுதியில், டாக்காவில் பேருந்து மோதி மாணவர் இருவர் மாண்டனர். சாலையில் பாதுகாப்பு வேண்டும் என்று பள்ளி மாணவர் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினர். அவர்கள் தாக்கப்பட்டதை ஆலம் படமெடுத்தார்; வெளிநாட்டுத் தொலைக்காட்சி ஒன்றில் அரசைக் குறைகூறிப் பேசினார். ஆகஸ்டு 5-ஆம் நாள் இரவு காவலர்கள் அவருடைய வீட்டுக்கு வந்து அவரைப் பிடித்துச் சென்றனர். காவலில் தாம் அடிக்கப்பட்டதாக அவர் நீதிமன்றத்தில் கூறினார்.

அமர்த்தியா சென் முதலிய அறிஞரும், இந்தியப் புகைப்படக் கலைஞர் ரகு ராயும் அவரை விடுவிக்குமாறு குரல் கொடுத்தனர். அவருடைய மாணவர்களும் டாக்காவில் அவருக்காகக் கூடினர். நூறு நாட்களுக்கு மேல் சிறையில் இருந்தபின், நவம்பர் 20-ஆம் நாள் அவர் பிணையில் வெளிவந்தார். அவ்வாண்டின் இறுதியில் 'டைம்' இதழ், உண்மைக்காகத் துன்புற்ற பத்திரிகையாளரைச் சிறப்பித்தபோது அவரையும் நினைவுகூர்ந்தது. நாட்டின் குடியரசுத் தலைவர் கையால் 2014-இல் அரசின் கலை விருதைப் பெற்றவரும் இவரே! ஓர் அரசு பாராட்டுவதும் சிறையிடுவதும் நான்கே ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்துவிட்டன. கண்டதைக் கண்டபடி காட்டுவதன் விலை என்ன என்பதை, அக்கல்லூரி மாணவர்கள் தம் ஆசிரியரின் வாழ்க்கையிலிருந்தே கற்றுக்கொண்டார்கள்.

நமக்கும் ஒரு பாடம்

இன்று காமிரா இல்லாத கைத்தொலைபேசி அரிது. வழியில் ஒரு விபத்து நேர்ந்தால், உதவ நீளும் கைகளைவிடப் படமெடுக்க உயரும் கைகளே மிகுதியாகத் தென்படுகின்றன. தர்மம் செய்வோரும் பெறுபவரின் முகத்தைப் படமெடுத்து ஊரறியக் காட்டுகிறார்கள். வாங்கும் கையின் கூச்சத்தை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இத்தகைய காலத்தில் பாட்ஷாலாவினரின் வழி நம் இல்லங்களுக்கும் பொருந்தும். யாரைப் படமெடுக்கிறோமோ அவரை முதலில் அறிந்துகொள்ளவேண்டும். அவர் அருகில் அமரவேண்டும். படமெடுத்த பின்னரும் அவரை மறவாதிருக்கவேண்டும்.

கையில் காமிராவுடன் திரியும் பிள்ளைகளைப் 'பொழுதைப் போக்குகிறாய்' என்று பெற்றோர் கடிந்துகொள்வது உண்டு. கடிந்துகொள்வதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். வீட்டுப் பாட்டியின் ஒரு நாளை, விடியல் முதல் இரவு வரை, படங்களாக எடுத்துவரச் சொல்லுங்கள். படங்கள் நன்றாக அமையலாம், அமையாமலும் போகலாம். எப்படியாயினும் பிள்ளை ஒரு நாள் முழுவதும் பாட்டியின் அருகில் இருந்திருப்பான்.