ஏலக்காய்க்குள் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி! தெரியுமா?

பரீட்சைக்காகப் பிள்ளைகள் விடிய விடிய உருப்போடுகிற ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, போடிமெட்டுக்கு மேலே ஒவ்வொரு ஏலக்காய்க்குள்ளும் செயல்முறைத் தேர்வாகவே நடந்துகொண்டிருக்கிறது, தெரியுமா?

போடிநாயக்கனூரில் மூட்டையைப் பிரித்ததும் ஆளைத் தூக்குகிற அந்த மணத்துக்கு முக்கியக் காரணம் இரண்டே பொருள்கள். ஒன்று 1,8-சினியோல், நீலகிரித் தைலத்தில் மணப்பதும் இதுதான்! அது ஈதர். மற்றொன்று ஆல்ஃபா-டெர்பினைல் அசிட்டேட், அது எஸ்டர். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றால் நம்புவீர்களா?

ஜெரனைல் டைபாஸ்பேட் என்ற 10 கார்பன் சங்கிலியிலிருந்து பாஸ்பேட் பகுதி கழல்கிறது. சங்கிலி வளையமாகிறது, ஒரு கார்பன் நேர்மின்சுமையோடு தவிக்கிறது. கார்பன் நேரயனி! தண்ணீர் மூலக்கூறு அதனுடன் சேர்ந்தால் டெர்பினியால் என்ற ஆல்கஹால். அதோடு அசிட்டைல் தொகுதி இணைந்தால் எஸ்டர் தயார். சினியோல்? டெர்பினியாலின் இரட்டைப் பிணைப்பில் ஒரு புரோட்டான் ஏற வேண்டும். எந்தக் கார்பனில் ஏறும்? ஏற்கெனவே ஹைட்ரஜன் கூடுதலாக உள்ள கார்பனில்! மார்கோவ்னிகாஃப் 1870-ல் வெளியிட்டாரே, அதே விதி. பக்கத்து மூவிணையக் கார்பன் நேர்மின்சுமை பெறுகிறது. அதே மூலக்கூறின் ஆக்சிஜன் அந்தக் கார்பனைப் பற்றிக்கொள்கிறது. டெர்பினியாலிலும் சினியோலிலும் அணுக்கணக்கு ஒன்றே: 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். மணமோ வேறு!

அந்த முதல் நேரயனி தண்ணீரைச் சேர்க்காமல் ஒரு புரோட்டானை விட்டுவிட்டால்? லிமோனீன்! ஆரஞ்சுத் தோலின் வாசனை. ஒரே அயனியிலிருந்து இத்தனை கிளைகள். நான்கு சமன்பாடுகளைத் தனித்தனியாக நெட்டுரு போடுவதைவிட இந்த ஒரு அயனியை வரையப் பழகுவதே மேல் என்பேன்.

வரைவது என்றதும் நினைவுக்கு வருகிறது. எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் வளைந்த அம்புக்குறி இருக்கிறதே, அதை 1922-ல் கெர்மாக்குடன் சேர்ந்து அறிமுகப்படுத்தியவர் ராபர்ட் ராபின்சன். பின்னாளில், 1947-ல், நோபல் பரிசு பெற்றவர். அவரிடம் மான்செஸ்டரில் ஆராய்ச்சி செய்தவர்களில் இரண்டு பேர் நம் ஊர்க்காரர்கள், தெரியுமா? குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, சென்னையில் பிறந்த கே. வெங்கடராமன்! கன்னிசாரோ, ரோசன்மண்ட், கிளமன்சன் என்று வெளிநாட்டுப் பெயர்களாகவே மனப்பாடம் செய்து களைத்தவர்களே, மேல்படிப்புப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்: பேக்கர்–வெங்கடராமன் இடமாற்ற வினை! தாவரங்களின் மஞ்சள் நிறமிகளான ஃபிளேவோன்களைத் தயாரிக்க இன்றும் அது வழி காட்டுகிறது. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநரும் இந்த வெங்கடராமனே. வகுப்புதோறும் சொல்ல வேண்டிய கதை இது!

சரி, படித்தது எப்படி மனதில் நிற்கும்? அமெரிக்காவில் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் உரைநடைப் பகுதிகளை வைத்துச் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது, இரண்டு தடவை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து? ஒரு தடவை படித்து, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் நினைவுகூர்ந்தது 56 சதவீதம்; திரும்பப் படித்தவர்கள் 42!

ஏலக்காய்க்கே திரும்பினால், இன்னும் ஒன்று. ஏலக்காயின் பச்சைக்குக் காரணம் பச்சையம். அதன் நடுவில் ஒரு மெக்னீசியம் அயனி. சூடும் அமிலமும் சேர்ந்தால் மெக்னீசியம் வெளியேறி ஹைட்ரஜன் உள்ளே புகும். பச்சை மங்கிப் பழுப்பேறும். அதனால்தான் உலர்த்தும் அறைக்கு அனுப்பும் முன் காயை 2 சதவீதச் சலவைச் சோடாக் கரைசலில் 10 நிமிடம் ஊறவைக்கச் சொல்கிறார்கள். சோடா காரம், அமிலத்தை அடக்குகிறது, மெக்னீசியம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிறகு 50 டிகிரியை ஒட்டிய இளஞ்சூட்டில் பதமாக உலர்த்தினால், போடி ஏலத்தில் நல்ல விலை பெறும் பச்சை ஏலம்!